எலும்பில் வேர் போடும் கோடுகள்: தொடக்கநிலை வாசகருக்கு ஒரு விளக்கம்

மண்ணுக்கடியிலிருந்து எடுத்த எலும்பைக் கழுவிக் காயவைத்துக் கையில் எடுத்தால், பல சமயம் அதன்மேல் நெளிநெளியாகக் கோடுகள் ஓடுவது தெரியும். இடியாப்பத்தை எலும்பின்மேல் பிழிந்து, பிறகு அதைத் தூக்கி எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறும், கிளை பிரியும், ஓரிடத்தில் அழுத்தமாக ஓடி அடுத்த அங்குலத்தில் மங்கிக் காணாமல் போகும். முதன்முறை பார்ப்பவர்கள் யாரோ செதுக்கியிருக்கிறார்கள் என்பார்கள். பூச்சி அரித்திருக்கிறது என்பார்கள். மனித எலும்பாக இருந்தால், இறந்தவருக்கு ஏதோ எலும்பு நோய் இருந்திருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் இவை எதுவும் காரணமாக இருப்பதில்லை. அந்த மண்ணில் வளர்ந்த செடிகொடிகளின் வேர் போட்ட கோடுகள் அவை. இந்தக் கட்டுரையில் அவற்றை வேர்த்தடம் என்று குறிப்பிடுவோம்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. வேர் எலும்பைக் கீறுவதில்லை, கரைக்கிறது. கத்தி கீறும், பல் நசுக்கும், மணல் உராயும். இந்த மூன்றும் விசையால் நடப்பவை. வேர்த்தடம் வேதிவினையால் நடப்பது. எலும்பில் ஒரு கோட்டைக் கண்டால் அந்த இடம் வெட்டுப்பட்டதா, நசுங்கியதா, கரைந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். யார் செய்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது.

எலும்பு ஏன் கரைகிறது

காய்ந்த எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கனிமப் பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்களாகக் கொலாஜன் இழைகளுக்குள்ளும் இடையிலும் அது செறிந்திருக்கும். படிகம் எவ்வளவு சிறியதோ அந்த அளவுக்கு அதன் மொத்தப் பரப்பு அதிகம். அதனால் அமிலம் பட்டால் எளிதில் கரையும். பல்லின் எனாமலும் இதே குடும்பத்துக் கனிமம்தான், ஆனால் அதில் படிகங்கள் பெரியவை, நெருக்கமானவை. ஒரே குழியில் தாடை எலும்பு முழுக்கக் கோடு விழுந்திருக்க, பல்லின் வெள்ளைப் பகுதி பளபளவென்று கிடப்பதும், அதே பல்லின் வேர்ப்பகுதி மட்டும் அரிக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

நடுநிலையான அல்லது சற்றே காரமான மண்ணில், அதாவது பி.எச். 7-ம் அதற்கு மேலும் உள்ள மண்ணில், இந்தக் கனிமம் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். பி.எச். இறங்க இறங்கக் கரைவது கூடும். அந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறியதாகப் பொருள் என்பதை மறக்கக் கூடாது. 7.5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சிறியது, எலும்புக்குப் பெரியது.

தோட்டம் போடுகிறவர்களுக்கு இது வேறு வழியாகத் தெரிந்திருக்கும். எலும்புத்தூள் உரம் புளிப்பான செம்மண்ணில் நன்றாக வேலை செய்யும். சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் போட்டால் பெரிதாகப் பலன் தெரியாது. தூளாக்கிய எலும்பு கரைந்து பாஸ்பேட்டாகச் செடிக்குக் கிடைக்க அமிலம் வேண்டும். தூளாக்காத முழு எலும்புக்கும் அதே கணக்குதான்.

வேர் தன்னைச் சுற்றி என்ன செய்கிறது

வேர் நீரை உறிஞ்சும் குழாய் மட்டும் என்று நினைத்தால் இந்த விஷயம் பிடிபடாது. அது மூச்சு விடுகிறது. வெளிவரும் கார்பன் டைஆக்ஸைடு மண்ணீரில் கலந்து கார்பானிக் அமிலமாகிறது. பொட்டாசியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகளை உள்ளே இழுக்கும்போது, மின்சமநிலைக்காக ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அமிலம் என்பதே அந்த அயனிதான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பயறு வகைகள் இதை இன்னும் அதிகமாகச் செய்யும். நைட்ரேட்டை உறிஞ்சும் வேர் இதற்கு நேர்மாறாகத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைக் காரப்படுத்தவும் செய்யும். அதனால் எல்லா வேரும் எல்லா நேரமும் ஒரே அளவில் அரிக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவதாக, வேர் சிட்ரிக், மாலிக், ஆக்ஸாலிக் போன்ற கரிம அமிலங்களைக் கசியவிடுகிறது. இவை இரண்டு வழியில் எலும்பைத் தாக்கும். அமிலமாக இருந்து கரைக்கும். தவிர, கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கரைந்தது மறுபடி படியாமல் தடுக்கும். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் சில செடிகள் இந்தக் கசிவைக் கூட்டும். வெள்ளை லூபின் என்ற பயறுச் செடி இதற்குப் பாடநூல் உதாரணம். பாஸ்பரஸ் பற்றாக்குறை வந்தால் அது புருசு போன்ற வேர்க்கொத்துகளை விட்டு, அவற்றின் வழியே சிட்ரேட்டைக் கொட்டும்.

பாஸ்பரஸ் மண்ணில் நகர்வது மிகமிக மெதுவாக. அது தேடி வராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். புதைந்த எலும்பு என்பது கால்சியமும் பாஸ்பரஸும் குவிந்த ஒரு கட்டி. அதைத் தொட்ட வேர் அங்கே கிளைத்துப் பரவுவதில் வியப்பில்லை. எலும்பின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, மஜ்ஜைக் குழிக்குள் புகுந்து, முதுகெலும்பின் பஞ்சுபோன்ற உட்பகுதியில் வலைபோட்டு வேர் வளரும்.

வேர் தனியாகவும் வேலை செய்வதில்லை. வேரை ஒட்டிய மெல்லிய மண்ணடுக்கில் நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை மற்ற மண்ணைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருக்கும். வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகளின் இழைகளும் அமிலம் விடுபவை. வேர் செத்து மக்கும்போதும் அமிலம் வரும். கென்யாவின் அம்போசெலியில் எலும்புகள் வெயிலிலும் மழையிலும் சிதையும் விதத்தை ஆராய்ந்த அன்னா பெரன்ஸ்மேயர், 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கிளைப் பள்ளங்களை ‘வேரோ பூஞ்சையோ வளர்ந்து மக்கும்போது வரும் அமிலத்தின் விளைவு’ என்ற பொருளில்தான் எழுதினார். வேர் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்வது இன்றும் கடினம். அதனால் சிலர் வேர்த்தடம் என்ற சொல்லையே தவிர்த்து ‘உயிர்வேதித் தடம்’ என்று எழுதுகிறார்கள். எச்சரிக்கையான வழக்கம்தான், ஆனால் கிளைபிரிந்து ஓடும் தெளிவான கோட்டை வேர்த்தடம் என்பதில் தவறில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம்

வேர் கல்லையே அரிக்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் எளிமையாகக் காட்டினார். மெருகேற்றிய சலவைக்கல் பலகையை மண்ணுக்குள் வைத்து அதன்மேல் செடி வளர்த்தார். பிறகு எடுத்துப் பார்த்தால், வேர் போன பாதை பளபளப்பு இழந்த கோடுகளாகப் பலகையில் பதிந்திருந்தது. எலும்பைத் தேடாமல் இதை யாரும் செய்து பார்க்கலாம்.

தரைக்குப் பதிக்கும் மார்பிளில் ஒரு கையகலத் துண்டு போதும். கடையில் கேட்கும்போது கிரானைட்டைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரானைட் சிலிக்கேட் கனிமங்களால் ஆனது, இந்த மெல்லிய அமிலத்துக்கு அசையாது. ஓரத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நுரை கிளம்பினால் அது மார்பிள். சோதித்த ஓரத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் நான்கு விரற்கடை ஆழத்தில், மெருகு பக்கம் மேலே இருக்கும்படி, கல்லைச் சாய்வாக வையுங்கள். கிடையாக வைத்தால் நீர் தேங்கி முழுப் பரப்பும் மங்கிப்போகும், செங்குத்தாக வைத்தால் வேர் ஒட்டாமல் நழுவிவிடும். மேலே சல்லடையில் சலித்த மண் போட்டு அவரை, மொச்சை, மக்காச்சோளம் ஏதாவது நான்கைந்து விதை ஊன்றுங்கள். நீர் அளவாகப் போதும். ஐந்தாறு வாரம் கழித்துக் கல்லை எடுத்து, தேய்க்காமல் ஓடும் நீரில் கழுவி, காய்ந்த பிறகு டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பளபளப்புக்கு நடுவே மங்கலான நெளிகோடுகள் தெரியும்.

கோடு தெரியாவிட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டு. ஒன்று, மண் பொலபொலவென்று இருந்து வேர் கல்லோடு ஒட்டாமல் போயிருக்கும். இன்னொன்று, மேலே மெழுகோ சீலரோ பூசிய கல்லாக இருக்கும். எலும்பிலும் ஒட்டுதல்தான் முக்கியம். தொடாத வேர் கோடு போடுவதில்லை. மார்பிள் கால்சியம் கார்பனேட், எலும்பு கால்சியம் பாஸ்பேட். இரண்டும் ஒரே வேகத்தில் கரைவதில்லை என்பதால் இந்தச் சோதனையின் வாரக்கணக்கை எலும்புக்குப் பொருத்தக் கூடாது. எலும்பில் மெதுவாகத்தான் நடக்கும்.

தடம் எப்படி இருக்கும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு சிறிய டார்ச், இவை இருந்தால் தொடங்கலாம். டார்ச்சை எலும்பின் பரப்போடு கிட்டத்தட்ட ஒட்டினாற்போல், தாழ்ந்த கோணத்தில் பிடித்து, எலும்பை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நேர்மேலே விளக்கு இருந்தால் ஆழமில்லாத பள்ளங்கள் கண்ணுக்கே சிக்காது.

பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஆழம் பொதுவாக அகலத்தைவிடக் குறைவு. குறுக்குவெட்டில் அடிப்பகுதி உருண்டு ‘யு’ வடிவில் இருக்கும். ஓரங்கள் மழுங்கியிருக்கும், கத்திக்கோட்டில் போல விளிம்பு உயர்ந்து நிற்காது. பள்ளத்தின் உட்புறத்தை லென்ஸில் பார்த்தால் கோட்டின் திசையில் ஓடும் நுண்கீறல்கள் இருக்காது. சொரசொரப்பாக, சாக்பீஸ் நிறத்தில், குட்டிக்குட்டிக் குழிகளோடு இருக்கும். அகலம் போகப்போக மாறும். ஒரு கோடு இரண்டாகப் பிரிந்தால், கிளை தாய்க்கோட்டைவிட மெல்லியதாக இருப்பது வழக்கம்.

பள்ளத்தின் அகலத்தை வைத்து வேரின் தடிமனைச் சொல்லிவிட முடியாது. நுனிக்குச் சற்றுப் பின்னால் வேர்த்தூவிகள் மொய்க்கும் பகுதி இருக்கிறது. அந்தத் தூவி ஒன்றின் தடிமன் சுமார் 0.01 மில்லிமீட்டர்தான். அவை இருபுறமும் பரவி மண்ணையும் எலும்பையும் பற்றிக்கொண்டு தம் பங்குக்கு அரிக்கும். மெல்லிய புல்வேர் தன்னைவிட அகலமான தடத்தை விடுவது இப்படித்தான்.

நிறம் உதவும், ஏமாற்றவும் செய்யும். பழுப்பேறிய எலும்பில் பள்ளம் மட்டும் வெளிறித் தெரிந்தால், எலும்புக்குச் சாயம் ஏறிய பிறகு வேர் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். பள்ளத்தின் அடியிலும் அதே பழுப்போ, கருப்பான மாங்கனீசுப் படிவோ இருந்தால் தடம் பழையது. புதைபடிவங்களில் இந்த வேறுபாடு மிக முக்கியம். பல லட்சம் ஆண்டு ஆழத்தில் கிடந்த எலும்பு, மண் அரிப்பால் மேலே வந்ததும் இன்றைய புல்லின் வேர் அதில் கோடு போட்டுவிடும். விலங்கு மிகப் பழையது, தடம் போன மழைக்காலத்தது என்றாகிவிடும்.

எந்த மண்ணில் அதிகம் தெரியும்

அமில மண்ணில்தான் வேர்த்தடம் அதிகம் இருக்கும் என்று தோன்றும். நடைமுறை வேறு. கடுமையான அமில மண்ணில் எலும்பே மிஞ்சுவதில்லை. இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேடுகளில் மணலில் மனித உடல்கள் கருத்த நிழல் உருவங்களாக மட்டுமே எஞ்சின. முழு மண்ணும் புளிப்பாக இருந்தால் எலும்பின் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கரைகிறது. அதில் வேரின் கோடு தனியாகத் தெரிய வழியில்லை. அதே நாட்டின் தென்பகுதிச் சுண்ணாம்புப் பாறை நிலங்களில் எலும்பு நன்றாக நிலைக்கும், அமிலம் இருப்பது வேரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும். அங்கேதான் கோடு துல்லியமாக விழுகிறது.

ஆழமும் கணக்கு. உலகின் பல்வகைத் தாவரப் பரப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் வேர்களின் எடையில் ஏறக்குறைய பாதி மேல் 20 செ.மீ. மண்ணிலும், முக்கால்வாசி மேல் 40 செ.மீ. மண்ணிலும் இருக்கிறது. புல்வெளியில் இன்னும் மேலே குவிந்திருக்கும், வறண்ட நிலப் புதர்களில் ஆழமாகப் போகும். ஆக, மேலோட்டமாகப் புதைந்த எலும்பில் தடம் அடர்த்தியாக இருப்பது இயல்பு. ஆழத்தில் கிடைத்த எலும்பில் அடர்த்தியான தடம் இருந்தால், அது ஒரு காலத்தில் மேல்மண்ணில் கிடந்ததா, அல்லது ஆழவேர் மரம் ஏதேனும் அங்கே நின்றதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எவற்றோடு குழப்பிக்கொள்வோம்

கத்திக்கோட்டோடு குழம்புவது குறைவு. கல்லாயுதமோ கத்தியோ இழுத்த கோடு நேராக, ‘வி’ வடிவ வெட்டுடன், உள்ளே இணையாக ஓடும் நுண்கீறல்களோடு இருக்கும். தசைநார் ஒட்டும் இடம், மூட்டோரம் என்று இறைச்சி அறுக்கத் தேவையான இடங்களில் விழுந்திருக்கும். வேருக்கு உடற்கூறு தெரியாது, எங்கும் போகும். அகழாய்வின்போது கொத்துக்கரண்டி பட்ட கோட்டையும் எளிதில் பிடித்துவிடலாம். அது பளிச்சென்று புது எலும்பின் நிறத்தில் இருக்கும், உள்ளே மண் ஒட்டியிருக்காது.

எலியும் முள்ளம்பன்றியும் கொறித்த தடம் அகன்று, அடி தட்டையாக, வரிசையாக அடுத்தடுத்து இணையாக இருக்கும். எலும்பின் விளிம்புகளில்தான் அதிகம். கால்நடையும் மனிதரும் மிதித்து மணலில் உராய்ந்த எலும்பில் மெல்லிய ஆழமற்ற கீறல்கள் பல திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அவற்றில் கிளை பிரியாது.

இரத்தக்குழாய்ப் பள்ளத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். உயிரோடிருக்கும்போதே எலும்பின்மேல் குழாய்கள் ஓடிய வழி அது. அதுவும் நெளியும், கிளை பிரியும். ஆனால் உள்பரப்பு வழவழப்பாக, எலும்பின் மேலடுக்கு சிதையாமல் இருக்கும். பெரும்பாலும் ஒரு நுண்துளையில் தொடங்கும் அல்லது முடியும். உடலின் மறுபக்கத்து எலும்பிலும் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும். பிரான்சின் பெக் த லாசே தளத்தில் கிடைத்த ஓர் எலும்பின் கோடுகளை மிகப் பழைய மனிதச் செதுக்கல் என்று நெடுநாள் கருதிவந்தார்கள். 1997-இல் பிரான்செஸ்கோ டெரிக்கோவும் பாவ்லா வில்லாவும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து அவை இரத்தக்குழாய்ப் பள்ளங்கள் என்று காட்டினார்கள். அந்த எலும்பில் வேருக்குப் பங்கில்லை, ஆனாலும் இயற்கைக் கோட்டைக் கலை என்று படிக்கும் ஆசை எவ்வளவு வலுவானது என்பதற்கு நல்ல உதாரணம்.

மாமிச உண்ணிகளின் பல்தடத்தைப் பிரிப்பதுதான் நிஜமான சிக்கல். பல் இழுத்த கோடும் ‘யு’ வடிவம்தான். பல் குத்திய குழியும், வேர்க்கொத்தோ பூஞ்சைத் திட்டோ ஓரிடத்தில் அரித்த வட்டக்குழியும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பல்தடத்தில் அடிப்பகுதி நசுங்கி இறுகியிருக்கும், ஓரத்தில் மேலடுக்கு உள்நோக்கி மடங்கி விரிசல் விட்டிருக்கும். வேர்க்குழியில் நசுங்கல் இல்லை, பொருள் எடுபட்டு மட்டும் இருக்கும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய வாதத்தைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு ஓல்டுவாய் கதையைப் பார்க்கலாம்.

தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் 1959-இல் மேரி லீக்கி ஒரு ஆதிமனித உறவினத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். எஃப்.எல்.கே. சிஞ்ச் என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் சுமார் 18 லட்சம் ஆண்டு பழைய கல்லாயுதங்களோடு ஆயிரக்கணக்கான விலங்கெலும்புத் துண்டுகளும் கிடந்தன. அங்கிருந்த ஆதிமனிதர்கள் வேட்டையாடிகளா, சிங்கமும் சிறுத்தையும் தின்று விட்டுப்போன மிச்சத்தைப் பொறுக்கியவர்களா? எலும்புகளின் நடுத்தண்டில் பல்தடம் நிறைய இருந்தால் விலங்குதான் முதலில் சதையைத் தின்றிருக்கிறது, மனிதர் பின்னால் வந்து மஜ்ஜைக்காக உடைத்திருக்கிறார்கள். ராபர்ட் புளூமன்ஷைன் பல்தடங்களை எண்ணி இந்தப் பக்கம் வாதாடினார். 2006-இல் மானுவல் டொமிங்கஸ்-ரொட்ரிகோவும் பார்பாவும் அதே எலும்புகளை மறுபடி பார்த்து, பல்தடம் என்று எண்ணப்பட்டவற்றில் பெரும்பகுதி வேரோடு சேர்ந்த பூஞ்சையும் பாக்டீரியாவும் அரித்தவை என்றார்கள். அந்தக் கணக்கின்படி மனிதர்தான் முதலில் சதையை அறுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே புளூமன்ஷைன் குழு, அந்த மறுஆய்வின் முறையே செல்லாது என்று பதில் எழுதியது. ஓரிரு மில்லிமீட்டர் குழி நசுங்கியதா கரைந்ததா என்ற கேள்விதான் இரு தரப்புக்கும் நடுவே கிடந்தது.

மனித எலும்பில் நோயோடு குழப்புவதும் நடக்கும். மண்டையோட்டில் வேர் திட்டுத்திட்டாக அரித்திருந்தால் கிரந்தி (சிபிலிஸ்) நோயின் புண் போலத் தெரியலாம். உயிருள்ள எலும்பு புண்ணுக்குப் பதில் சொல்லும், ஓரத்தில் புது எலும்பு வளர்ந்து விளிம்பு உருண்டிருக்கும். செத்த எலும்பு எதுவும் செய்யாது. விளிம்பில் வளர்ச்சி இல்லை, பக்கத்தில் கிளைக்கோடுகளும் ஓடுகின்றன என்றால் நோயென்று எழுத அவசரப்பட வேண்டாம்.

முன்பின் வரிசை

வேர்த்தடத்தைப் பலர் தொல்லையாக மட்டும் பார்க்கிறார்கள். அது கத்திக்கோடுகளை அழித்துவிடுவது உண்மைதான். ஆனால் எது முதலில் நடந்தது என்பதைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி குறைவு. எலும்பு உடைந்த முகத்தின்மேலும் வேர்க்கோடு ஓடினால், உடைந்த பிறகுதான் வேர் வந்தது. கோடு உடைந்த விளிம்புவரை வந்து சட்டென்று அறுபட்டு, உடைந்த முகம் சுத்தமாக இருந்தால், வேர் வந்த பிறகு உடைந்தது. பெரும்பாலும் கடப்பாரையோ ஏரோ பட்டிருக்கும். கத்திக்கோட்டின் குறுக்கே வேர்ப்பள்ளம் ஓடி அதை விழுங்கியிருந்தால் கத்திக்கோடு பழையது. வெயிலில் வெடித்த விரிசலின் உட்சுவரிலும் தடம் இருந்தால், எலும்பு முதலில் வெளியில் கிடந்து காய்ந்து, பிறகுதான் மண் மூடியிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் தடம் அடர்ந்திருந்தால் அந்தப் பக்கம் மண்ணில் எப்படிக் கிடந்தது என்பதைக் குறித்துவைத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே குழியின் எலும்புகளில் சிலவற்றில் மட்டும் தடம் இருந்தால், அவை வேறெங்கோ புதைந்து பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவையா என்று கேட்கலாம். தடத்தின் ஆழத்தை வைத்து எத்தனை ஆண்டு என்று மட்டும் சொல்லக் கூடாது. மண், ஈரம், செடி, எலும்பின் அடர்த்தி எல்லாம் சேர்ந்து வேகத்தைத் தீர்மானிப்பதால் அதற்கு வாய்ப்பாடு கிடையாது.

ஆண்டுக்கணக்குக்கு வேறொரு வழி உண்டு, தடத்தில் அல்ல, வேரிலேயே. கண்குழி வழியாகவோ விலா எலும்புகளின் நடுவிலோ மரவேர் ஒன்று வளர்ந்து போயிருந்தால், அதைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணலாம். ஏழு வளையம் என்றால் உடல் அங்கே குறைந்தது ஏழு ஆண்டாகக் கிடக்கிறது. அதிகபட்சத்தை அது சொல்லாது, ஏனெனில் வேர் வருவதற்கு முன் எத்தனை ஆண்டு போனது என்பது அதில் இல்லை. தடயவியலில் இந்த முறை 1980-களிலிருந்து எழுதப்பட்டு வருகிறது. குளிர்நாட்டு மரங்களுக்கு இது பொருந்தும் அளவுக்கு நம் வெப்பமண்டல மரங்களுக்குப் பொருந்தாது. தேக்கு போன்ற சில மரங்களைத் தவிர்த்தால் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, வேரில் தண்டைவிட இன்னும் மோசம். எண்ணுவதைத் தாவரவியலாளரிடம் விட்டுவிட வேண்டும்.

குழியில் செய்ய வேண்டியதும் கூடாததும்

எலும்பைப் பற்றியிருக்கும் வேரை இழுக்கவே கூடாது. மஜ்ஜைக் குழிக்குள் போன வேரை இழுத்தால் எலும்பு பிளந்துகொண்டு வரும். கூர்மையான சிறு கத்தரியால் எலும்புக்கு இருபுறமும் வேரை நறுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே விட்டு எடுக்க வேண்டும். நறுக்குவதற்கு முன் அளவுகோலோடு ஒரு படம் எடுப்பது நல்லது. வேர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது எலும்பைத் தூக்கிய பிறகு தெரியாது. மரவேராக இருந்தால் நறுக்கிய துண்டைக் காகித உறையில் போட்டு எண் இட வேண்டும், பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துவிடும்.

எலும்பை நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வேரரித்த மேலடுக்கு சருகுபோல் உரிந்து வரும், தடமும் அதோடு போய்விடும். மண்ணை எடுக்க மென்மையான புருசும் மூங்கில் குச்சியும் போதும். ஊசியாலும் பல் மருத்துவக் கருவியாலும் பள்ளத்தைச் சுரண்டினால் உள்ளே புதுக் கீறல் விழும். பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பவர் அதைக் கத்திக்கோடு என்று எழுதிவைக்க நேரலாம். மேலே படிந்த சுண்ணாம்புப் பொருக்கை நீக்க வினிகரில் ஊறவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். புதைபடிவங்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பயிற்சி பெற்றவர்கள் நேரம் பார்த்துப் பயன்படுத்துவது உண்டு. அளவு தப்பினால் அதுவே எலும்பை அரித்து, எது வேர் செய்தது எது நாம் செய்தது என்று தெரியாமல் போகும்.

பதிவு எழுதும்போது ‘வேர்த்தடம் உண்டு’ என்று ஒரு வரியில் முடித்தால் யாருக்கும் பயன்படாது. எந்த எலும்பு, எந்தப் பக்கம், பரப்பில் ஏறத்தாழ எத்தனை சதவீதம், உடைந்த முகத்தில் இருக்கிறதா, நிறம் என்ன என்பவை வேண்டும். மனித எலும்புக்குப் பிரிட்டனில் பயன்படும் ஒரு தரவரிசையில், மேற்பரப்பு புதிதுபோல் தெளிவாக இருந்தால் 0, முழுப் பரப்பும் அரிக்கப்பட்டு இயல்பு உருவமே மறைந்திருந்தால் 5, எலும்பின் வெளிவடிவமே மாறிவிட்டால் 5+ என்று குறிக்கிறார்கள். அப்படி எண் இட்டுவைத்தால் பின்னாளில் ஒருவர் ‘இந்தத் தளத்தில் கத்திக்கோடு குறைவு’ என்று எழுதும்போது, கோடு உண்மையிலேயே குறைவா அல்லது வேர் அழித்துவிட்டதா என்று சரிபார்க்க முடியும். 4, 5 தரத்து எலும்புகளைக் கத்திக்கோட்டுக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுவது நேர்மையான வழி.

கார்பன் காலக்கணிப்புக்கு மாதிரி எடுக்கிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. எலும்பின் நுண்துளைகளில் தலைமுடியைவிட மெல்லிய சல்லிவேர்கள் ஒளிந்திருக்கும். அவை இன்றைய கார்பன். கொஞ்சம் கலந்தாலும் எலும்பு உண்மையைவிட இளையதாகக் காட்டும், எலும்பு எவ்வளவு பழையதோ பிழையும் அவ்வளவு பெரிதாகும். வேரரித்த மேலடுக்கைச் சிறு துரப்பணத்தால் முதலில் உரித்துத் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் கெட்டியான பகுதியை உடைத்து, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் வேர்த்துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். மஞ்சளேறிய வேர் எலும்புத்தூளோடு கலந்து கிடந்தால் கண்ணில் படாது, அதனால் இடிப்பதற்கு முன்பே பொறுக்க வேண்டும். பிரித்தெடுத்த கொலாஜனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இருக்கிறதா என்று ஆய்வகம் பார்க்கும். அதற்கு மேலே போனால் மண்ணின் மட்கோ வேரோ கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, தடம் குறைவாக உள்ள வேறொரு எலும்பை, முடிந்தால் தொடை எலும்பின் தடித்த நடுத்தண்டை, அனுப்புவது நல்லது.